பிபி மாத்திரையோட சிபிடி ஆயில் எடுத்தப்போ எனக்கு நடந்தது

பிபிக்கு மாத்திரை போட்டுக்கிட்டே சிபிடி ஆயிலும் (கஞ்சாச் செடியில இருக்கற சிபிடிங்கற பொருளை எண்ணெய்ல கலந்து விக்கறது) எடுக்கலாமான்னு இப்ப நிறைய பேர் கேக்கறாங்க, எங்க கோத்தகிரி மாதிரி சின்ன ஊர்லயே கூரியர்ல பாட்டில் வந்து இறங்குது. நான் எடுத்தேன். புருவத்துக்கு மேல தையல், இடது மணிக்கட்டுல மாவுக்கட்டு, கையிலருந்து 30,000 ரூபாய்க்கு மேல செலவு, இதெல்லாம் போக நடுராத்திரி வீட்டுல தனியா ரத்தத்தோட கிடந்த பயம் இன்னும் போகல. அந்த பாட்டில் வாங்கறதுக்கு முன்னாடி தமிழ்ல யாராவது விவரமா எழுதி வெச்சிருக்காங்களான்னு தேடினேன், விக்கறவங்க எழுதினதுதான் கிடைச்சது. அதனால பட்டவ எழுதறேன். நான் டாக்டர் இல்ல, தேயிலை ஃபேக்டரில கணக்கு பாக்கறவ, வயசு 54, வீட்டுக்காரர் இறந்ததுக்கப்புறம் தனியாத்தான் இருக்கேன். என் உடம்புக்கு நடந்ததையும், அதுக்கப்புறம் டாக்டர் சொன்னதையும், நானே தேடிப் படிச்சதையும் மட்டும் சொல்றேன்.

பிபி இருக்குன்னு தெரிஞ்சது ஃபேக்டரில வெச்ச மெடிக்கல் கேம்ப்ல. 164க்கு 100. தலைவலி இல்ல, மயக்கம் இல்ல, ஒண்ணுமே இல்ல, அதனால மிஷின் தப்புன்னு நினைச்சு மறுபடி பாக்கச் சொன்னேன், மறுபடியும் அதேதான். அம்லோடிபின் 5 எழுதிக் கொடுத்தாங்க, அதுல சரியா இறங்கலன்னு அப்புறம் டெல்மிசார்டன் 40ம் சேத்தாங்க. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல (2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது) வீட்டுக்கே மாத்திரை கொண்டு வந்து கொடுக்கறதால பைசா செலவில்ல, ஒரு நாளும் விட்டதும் இல்ல. ஆனாலும் 150க்குக் கீழ இறங்க மாட்டேங்குது. கூடவே முட்டி வலி, எங்க வீடு ரோட்டுக்குக் கீழ பள்ளத்துல, ஏறி இறங்கப் படிக்கட்டுதான், அதுவும் மழைக்காலத்துல பாசி புடிச்ச படி. முட்டிக்கு மேட்டுப்பாளையத்துல ஒரு எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை தனியா ஓடிட்டு இருந்துச்சு. இந்த முட்டி மாத்திரையை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

தூக்கம்தான் பெரிய பிரச்சனையா இருந்துச்சு. ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா விடியற வரைக்கும் ஓட்டு மேல மழை சத்தத்தைக் கேட்டுக்கிட்டு கிடக்கறது. பெங்களூர்ல இருக்கற தங்கச்சி பையன்கிட்ட சொன்னப்ப, "பெரியம்மா, எங்க ஆபீஸ்ல பாதி பேர் சிபிடி ஆயில் எடுக்கறாங்க, தூக்கமும் வரும், வலியும் போகும், பிபியும் இறங்கும், போதை எதுவும் இருக்காது"ன்னு சொல்லி ஒரு லிங்க் அனுப்பினான். அவன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, பாசத்துல சொன்னது. கஞ்சாச் செடியிலருந்து வர்றதுன்னு தெரிஞ்சதும் எனக்கு உள்ளுக்குள்ள உதறல்தான், ஆனா டாக்டர் சீட்டு இருந்தாத்தான் கொடுப்பாங்க, லைசென்ஸ் உள்ள ஆயுர்வேத மருந்துன்னு சொன்னதும் மனசு சமாதானம் ஆச்சு.

ஆன்லைன்லயே டாக்டர் பேசறாங்க, அதுக்கு 500 ரூபாய். ஃபார்ம்ல என்னென்ன மாத்திரை சாப்பிடறேன்னு ஒரு கட்டம் இருந்துச்சு, மூணையும் பேர், மில்லிகிராமோட எழுதினேன், ஃபோன்லயும் எனக்கு பிபி இருக்கு மாத்திரை ரெண்டு போடறேன்னு சொன்னேன். அந்தப் பக்கம் "அது பரவாயில்லம்மா, இது இயற்கை மருந்துதான், போகப் போக பிபி மாத்திரையையே குறைச்சுக்கலாம்"னு பதில் வந்துச்சு. நான் டீ ஊத்தி வெச்சிருந்தேன், அது ஆறறதுக்குள்ள கன்சல்டேஷன் முடிஞ்சிருச்சு. வாட்ஸ்அப்ல சீட்டு வந்துச்சு, பாட்டில் 3,600 ரூபாய், 30 மில்லி. மாத்திரையை நான் குறைக்கல, டாக்டர்கிட்ட கேக்காம குறைக்கக் கூடாதுன்னு எங்க அப்பாவுக்கு நடந்ததுலயே தெரியும். இதைப் படிக்கறவங்களுக்கும் அதேதான் சொல்றேன், சில பிபி மாத்திரைங்க, முக்கியமா மெட்டோப்ரோலால், அட்டெனலால் வகை, குளோனிடின் இதையெல்லாம் திடீர்னு நிறுத்தினா பிபி முன்னைவிட மேல எகிறும், நெஞ்சு வலி வரைக்கும் போகும்.

பாட்டில் மேல பெருசா சிபிடின்னு போட்டு, கீழ பொடி எழுத்துல விஜயா (ஆயுர்வேதத்துல கஞ்சாச் செடிக்குப் பேர்) இலைச் சாறு 3000 மில்லிகிராம்னு இருந்துச்சு. நான் கணக்கு பாக்கறவ, 3000 மில்லிகிராம் சிபிடின்னுதான் யாரும் எடுத்துக்குவாங்க. அது மொத்தச் சாறோட எடை. அதுக்குள்ள சிபிடி எவ்வளவு, போதை கொடுக்கற டிஹெச்சி எவ்வளவுன்னு பிரிச்சு எங்கயும் போடல. இந்த ரெண்டு நம்பரும் தனித்தனியா இல்லாத பாட்டிலை பிபி மாத்திரை சாப்பிடறவங்க வாங்கவே வாங்காதீங்க, இந்தப் பதிவுல வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க. அமெரிக்காவுல 2017ல ஆன்லைன்ல வித்த 84 சிபிடி பொருளை வாங்கி லேப்ல பாத்திருக்காங்க, லேபிள்ல போட்ட அளவு சரியா இருந்தது 26ல மட்டும், 18ல டிஹெச்சி இருந்திருக்கு. அங்கயே அப்படின்னா நம்ம நிலைமையை யோசிச்சுக்கோங்க. அதோட ஹெம்ப் சீட் ஆயில்னு இன்னொண்ணு விக்குது, அது விதையை ஆட்டின சமையல் எண்ணெய் மாதிரி, 2021ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை உணவா அனுமதிச்சிருக்கு, அதுல சிபிடி கிலோவுக்கு 75 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு வரம்பே இருக்கு. அதையும் சிபிடி ஆயில் விலைக்கு விக்கறவங்க இருக்காங்க, அதுல தூக்கமும் வராது ஒண்ணும் வராது.

ஆரம்பத்துல அஞ்சு சொட்டு நாக்குக்கு அடியில. தூங்கினேன், உண்மையைச் சொல்லணும்ல, ரொம்ப நாளுக்கப்புறம் விடியக் காலை பஸ் ஹாரன் கேட்டுத்தான் எந்திரிச்சேன். பிபியும் 136, 132ன்னு வந்துச்சு. எவ்வளவு சந்தோஷம்னு சொல்ல முடியாது, தங்கச்சிக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன், பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொன்னேன், அவங்க வீட்டுக்காரர் டூரிஸ்ட் வண்டி ஓட்டறவர், அவருக்கும் ஒண்ணு வாங்கலாமான்னு கேட்டாங்க. நல்லவேளை வாங்கல. கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவுல வண்டி ஓட்டறவர் இதைச் சாப்பிட்டுட்டு ஸ்டியரிங் புடிச்சா என்ன ஆகியிருக்கும்னு இப்ப நினைச்சாலும் வயித்தைக் கலக்குது.

கம்பெனி அனுப்பின சார்ட் படி சொட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி பத்துக்குக் கொண்டு வந்தேன். அங்கருந்து உடம்பு வேற மாதிரி போக ஆரம்பிச்சுது. காலையில கட்டில்லருந்து எந்திரிச்சா கண்ணு இருட்டிக்கிட்டு வரும், செவுத்தைப் புடிச்சு நின்னுக்கிட்டா சரியாயிடும். வாய் வறண்டு கெடக்கும். படி ஏறும்போது நெஞ்சு படபடன்னு அடிக்கும், பிபி மிஷின்ல கீழ காட்டற நாடித் துடிப்பு 110, 112ன்னு இருந்துச்சு, நான் மேல இருக்கற ரெண்டு நம்பரையே பாத்து சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன். பிபி குறையுது, நாடி மட்டும் ஏறுதுன்னா உடம்பு எதையோ ஈடுகட்டப் போராடுதுன்னு அர்த்தம்னு பின்னாடி டாக்டர் சொன்னாங்க. கம்பெனி கஸ்டமர் கேர்ல கேட்டேன், "உடம்பு பழகிட்டு இருக்கு மேடம், தண்ணி நிறைய குடிங்க"ன்னாங்க.

அப்ப மார்கழி. நம்ம ஊர்ல மார்கழில தேங்காய் எண்ணெய் பாட்டில் கல்லு மாதிரி ஆயிடும்ல, இந்த ஆயிலும் தேங்காய் எண்ணெய்ல கலந்ததுதான், உறைஞ்சு போயிருச்சு. டிராப்பர்ல ஏறல. சுடுதண்ணில பாட்டிலை வெச்சு இளக்கிப் பாத்தா மேல வெளுப்பா ஒரு நிறம், அடியில கருப்புப் பச்சையா ஒரு நிறம். பாட்டில்ல குலுக்கவும்னு ஒரு வார்த்தை இல்ல, குளிர் ஊர்ல எப்படி வெச்சுக்கணும்னும் இல்ல. அடியில தங்கினதுதான் சாறு, டிராப்பர் குழாய் அடி வரைக்கும் போயி அதைத்தான் உறிஞ்சிருக்கும், எந்த நாள் எவ்வளவு உள்ள போச்சுன்னு யாருக்குத் தெரியும். ஊட்டி, கொடைக்கானல், குன்னூர்ல இருக்கறவங்க இதைக் கவனிங்க, எண்ணெய்ல கலந்த எந்த மருந்தா இருந்தாலும் உறைஞ்சு இளகினா அளவு அப்படியே இருக்கும்னு நம்பாதீங்க.

விழுந்த அன்னைக்கு சாயங்காலம் ஒரு விசேஷ வீட்டுல சாப்பாடு, மட்டன் குழம்பு, நெய் போட்ட இனிப்பு, நல்லாவே சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து ராத்திரி மாத்திரை போட்டு, ஆயிலும் விட்டுக்கிட்டுப் படுத்தேன். கொழுப்புச் சாப்பாட்டோட சிபிடி எடுத்தா வெறும் வயித்துல எடுக்கறதைவிட நாலு மடங்கு வரைக்கும் அதிகமா ரத்தத்துல சேரும்னு வலிப்புக்குக் கொடுக்கற எபிடியோலெக்ஸ் மருந்தோட விவரக் குறிப்புலயே போட்டிருக்கு (அது சுத்தமான சிபிடி, 2018ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது). அதே பத்து சொட்டு, ஆனா அன்னைக்கு உடம்புக்குள்ள போனது வேற கணக்கு. நடுராத்திரி பாத்ரூம் போக எந்திரிச்சேன், ரெண்டு அடி வெச்சது ஞாபகம் இருக்கு, அடுத்தது சிமெண்ட் தரை கன்னத்துல சில்லுன்னு படுது. எவ்வளவு நேரம் கிடந்தேன்னு தெரியல. கண்ணுல ஏதோ வழியுது, தொட்டா ரத்தம். எந்திரிக்கப் பாத்தா மறுபடி இருட்டிக்கிட்டு வருது. தவழ்ந்து போயி ஃபோனை எடுத்து பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன், கதவை உள்பக்கம் தாழ் போட்டிருந்தேன், அந்தத் தாழைத் திறக்கப் போனதுதான் என் வாழ்க்கையிலயே நீளமான தூரம். வெளியில பனிமூட்டம், 108 வண்டி ரோட்டுல வந்து நின்னுச்சு, படி ஏத்தி ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க.

அரசு ஆஸ்பத்திரில பிபி 88க்கு 54. அந்த அக்கா புத்திசாலித்தனமா என் மாத்திரை டப்பாவையும் ஆயில் பாட்டிலையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வந்திருந்தாங்க, அவங்களுக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கேன். பாட்டிலைப் பாத்ததும் அங்க ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட "கஞ்சாவா?"ன்னு கேட்டது எனக்குக் காதுல விழுந்துச்சு. சின்ன ஊர், நாளைக்கு மார்க்கெட்ல யார் மூஞ்சியில முழிக்கறதுன்னு தையல் போடற வலியைவிட அதுதான் வலிச்சுது. ஆனா டியூட்டில இருந்த டாக்டரம்மா, "ஏம்மா, சொன்னது ரொம்ப நல்லது, சொல்லலன்னா நான் ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக்னு வேற எங்கயோ தேடிட்டு இருப்பேன்"ன்னாங்க. நீங்க என்ன எடுத்தாலும் சரி, ஆஸ்பத்திரில மறைக்காதீங்க, அவங்களுக்கு வேண்டியது உங்க உசிரு, அதுக்கு அந்த பாட்டில் விவரம் வேணும்.

போலீஸ் கேஸ் ஆகுமோன்னு ஒரு பயம் இருந்துச்சு, அதனால அதையும் சொல்லிடறேன். 1985ல வந்த என்டிபிஎஸ்ங்கற போதைப் பொருள் தடுப்புச் சட்டத்துல கஞ்சான்னு சொல்றது செடியோட பூ, காய் நுனியை. நுனி சேராத வெறும் இலையும் விதையும் அந்த வரையறைக்குள்ள வராது. அந்த இலையை வெச்சுத்தான் விஜயாங்கற பேர்ல லைசென்ஸ் வாங்கின ஆயுர்வேத கம்பெனிங்க மருந்து செய்யறாங்க. ஆயுர்வேதத்துல விஷத்தன்மை உள்ள மருந்துப் பொருள்கள்னு ஒரு அட்டவணை இருக்கு, அதுல இதுவும் வருது, அதனால டாக்டர் மேற்பார்வையில மட்டும் எடுக்கணும்னு லேபிள்ல எச்சரிக்கை போட்டாகணும். இலை விஷயத்துல மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், உத்தரப்பிரதேசத்துல பாங் (கஞ்சா இலையை அரைச்சுச் செய்யறது) விக்கற கடை லைசென்ஸோட இருக்கு, நம்ம பக்கம் அப்படி கிடையாது. பில், சீட்டு ரெண்டும் இல்லாம யாரோ டூரிஸ்ட் கொடுத்தாங்கன்னு பேர் இல்லாத பாட்டிலைக் கையில வெச்சுக்கிட்டு செக்போஸ்ட்ல மாட்டிக்காதீங்க.

தலையில அடிபட்டதால கோயம்புத்தூர் போயி சிடி ஸ்கேன், கையில எக்ஸ்ரே, ஈசிஜி, எக்கோ, ஈரல் டெஸ்ட், வாடகைக் கார், ஃபேக்டரி லீவுல போன சம்பளம், எல்லாம் சேத்துத்தான் அந்த 30,000. ஈரல் டெஸ்ட் நல்லபடியா வந்துச்சு, ஆனா சிபிடி அளவு ஏற ஏற ஈரல் என்ஸைம் ஏறறது தெரிஞ்ச விஷயம், எடுக்கறவங்க எஸ்ஜிபிடிங்கற ஈரல் டெஸ்ட்டை ஒரு தடவையாவது பாத்துக்கணும்னு அங்க இருந்த பொது மருத்துவர் சொன்னார். அவர்தான் உக்கார வெச்சு பொறுமையா விளக்கினார். ஈரல்ல இருக்கற ஒரு என்ஸைம்தான் அம்லோடிபினை உடைச்சு வெளிய அனுப்புது, அதே என்ஸைமை சிபிடி மந்தமாக்கும், அதனால இன்னைக்குப் போட்ட மாத்திரை போகறதுக்குள்ள நாளைக்குப் போடறது வந்து சேரும். அடைப்பு எடுக்காத சிங்க்ல குழாயைத் திறந்து விட்ட மாதிரி. வார்ஃபரின்னு ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கற மாத்திரையோட சேந்தா இன்னும் ஆபத்து, ரத்தக் கசிவு வரைக்கும் போகலாம். கிளாரித்ரோமைசின்னு ஒரு ஆன்டிபயாட்டிக்கும் அம்லோடிபினை இதே மாதிரி தேக்கும்னு சொன்னார், சளிக்கு எழுதினாக்கூட பிபி மாத்திரையைச் சொல்லணும்.

ஆனா என் விஷயத்துல அவருக்கு சிபிடியைவிட டிஹெச்சி மேலதான் சந்தேகம். லேப் ரிப்போர்ட் வாங்கிட்டு வாங்கன்னார். கம்பெனிகிட்ட கேட்டுக் கேட்டு, கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915ல புகார் பண்ணுவேன்னு சொன்னதுக்கப்புறம்தான் ஒரு பிடிஎஃப் அனுப்பினாங்க, அதுல இருந்த பேட்ச் நம்பர் என் பாட்டில் நம்பரே இல்ல. அதுல பாத்தா 30 மில்லில சிபிடி 900 மில்லிகிராம், டிஹெச்சியும் கிட்டத்தட்ட அதே 900. சரிபாதி. சிபிடின்னு பெருசா எழுதி வித்த பாட்டில்ல. பத்து சொட்டுன்னா சுமாரா 12 மில்லிகிராம் டிஹெச்சி ஆகுது, ஆஸ்பத்திரில பசி எடுக்க மாத்திரையா கொடுக்கற டிஹெச்சியவே 2.5 மில்லிகிராம்லதான் ஆரம்பிப்பாங்கன்னு டாக்டர் சொன்னப்ப எனக்குப் பேச்சே வரல. டிஹெச்சி ரத்தக் குழாயை விரிய வைக்கும், நாடியை ஏத்தும், படுத்திருந்து எந்திரிக்கும்போது பிபியை டக்குனு கீழ தள்ளும். ஏற்கெனவே ரெண்டு மாத்திரை பிபியைக் குறைச்சுக்கிட்டு இருக்க, மேல இது, அதுக்கு மேல அந்த மட்டன் சாப்பாடு. நான் விழாம இருந்திருந்தாத்தான் ஆச்சரியம்.

சிபிடில பிபி குறையுமா குறையாதான்னா, ஆராய்ச்சி இருக்கத்தான் இருக்கு, படிச்சேன். இங்கிலாந்துல நாட்டிங்ஹாம்ல 2017ல ஆரோக்கியமான 9 ஆம்பளைங்களுக்கு ஒரே தடவையா 600 மில்லிகிராம் கொடுத்ததுல மேல் பிபி 6 பாயிண்ட் குறைஞ்சிருக்கு, நாடி ஏறியிருக்கு. அப்புறம் ஒரு வாரம் தொடர்ந்து கொடுத்துப் பாத்தப்ப, சும்மா இருக்கும்போது பாத்த பிபில அந்தக் குறைவு நிக்கல. குரோஷியாவுல பிபி இருக்கற 70 பேருக்கு அஞ்சு வாரம் தினமும் 225லருந்து 450 மில்லிகிராம் கொடுத்து, 24 மணி நேர மிஷின் வெச்சுப் பாத்ததுல சராசரியா 5 பாயிண்ட் குறைஞ்சிருக்கு, 2023ல வந்த ஆராய்ச்சி அது. இப்ப கணக்கைப் பாருங்க. என் பாட்டில்ல 900 மில்லிகிராம். 225 எடுத்தா நாலு நாள், 450 எடுத்தா ரெண்டே நாள். அதாவது ஒரு நாளைக்கு 900லருந்து 1,800 ரூபாய், அஞ்சு பாயிண்ட் குறைய. அதுவும் கூடவே அதே அளவு டிஹெச்சியும் உள்ள போகும்னா மனுஷன் எந்திரிக்கவே முடியாது. சொட்டுக் கணக்குல எடுக்கற சிபிடிக்கும் அந்த ஆராய்ச்சிக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா வெப்சைட்ல அந்த ஆராய்ச்சியைத்தான் காட்டி விக்கறாங்க. எனக்கு இதுதான் ஆத்திரம் ஆத்திரமா வருது.

இப்ப அந்த முட்டி மாத்திரை. டாக்டர் என் பையில இருந்த எல்லா அட்டையையும் மேஜையில பரப்பி வெச்சு ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தார். அசெக்ளோஃபெனாக்கைப் பாத்ததும் "இது எவ்வளவு நாளா போடறீங்க"ன்னு கேட்டார். தினமும்தான்னேன். இந்த வகை வலி மாத்திரை உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி வெக்கும், பிபியை ஏத்தும், டெல்மிசார்டன் செய்யற வேலையையும் கெடுக்கும், ரெண்டும் சேந்து கிட்னியையும் பாதிக்கும்னார். அதாவது என் பிபி 150க்குக் கீழ வராததுக்கு அதுவும் ஒரு முக்கிய காரணம். எலும்பு டாக்டர் முட்டியைப் பாத்தார், பிபி டாக்டர் பிபியைப் பாத்தாங்க, ஆன்லைன் டாக்டர் ஃபார்மைக் கூட படிக்கல. மூணு சீட்டையும் ஒரே மேஜையில வெச்சுப் பாத்தவர் இவர் ஒருத்தர்தான். அந்த மாத்திரையை நிறுத்தி, தேவைப்பட்டா மட்டும் பாராசிட்டமால், முட்டிக்கு பிசியோதெரபி பயிற்சின்னு மாத்தினார். ஆயிலும் இல்ல, முட்டி மாத்திரையும் இல்ல, அதே ரெண்டு பிபி மாத்திரைலயே இப்ப 130க்கு 80 பக்கத்துல நிக்குது. தூக்கம் இன்னும் முழுசா சரியாகல, பரவால்ல, முன்னைக்கு இப்ப எவ்வளவோ மேல்.

அதனால எந்த டாக்டர்கிட்ட போனாலும் மருந்துச் சீட்டை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க, மருந்தையே எடுத்துட்டுப் போங்க. மாத்திரை, ஆயில், கஷாயம், சூரணம், சித்த மருந்து, பக்கத்து மெடிக்கல்ல வாங்கின வலி மாத்திரை, எல்லாத்தையும் ஒரு பையில போட்டு மேஜையில கொட்டுங்க. டாக்டர் திட்டினாலும் பரவால்ல.

வீட்டுல பிபி பாக்கறதுலயும் ஒண்ணு சொல்லணும், மலையில இருக்கறவங்க எல்லாரும் பண்ணறது இது. ஸ்வெட்டர் மேலயே பட்டையைச் சுத்தறது, இல்லன்னா ஸ்வெட்டர் கையை இறுக்கமா மேல சுருட்டி விட்டுட்டு அதுக்குக் கீழ சுத்தறது. ரெண்டுலயும் நம்பர் தப்பா வரும். ஒரு கையை ஸ்வெட்டர்லருந்து வெளிய எடுத்துட்டு, போர்வை போத்திக்கிட்டு, டீ குடிச்சு அரை மணி நேரம் கழிச்சு, முதுகு சாய்ஞ்சு, கால் தரையில பட அஞ்சு நிமிஷம் பேசாம உக்காந்துட்டுப் பாருங்க. புது மருந்து எது ஆரம்பிச்சாலும், உக்காந்து பாத்ததோட நிறுத்தாம, எந்திரிச்சு நின்னு ஒரு நிமிஷத்துல ஒண்ணு, மூணு நிமிஷத்துல ஒண்ணு பாத்து எழுதுங்க. மேல் நம்பர் 20, இல்ல கீழ் நம்பர் 10 குறைஞ்சா டாக்டருக்கு உடனே சொல்லணும், கண்ணு இருட்டறதுக்குக் காத்திருக்கக் கூடாது. நாடி நம்பரையும் பக்கத்துலயே எழுதுங்க. தனியா இருக்கறவங்க ராத்திரி எந்திரிச்சா கட்டில்லயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எந்திரிங்க, ஃபோனைத் தலமாட்டுல வெச்சுக்கோங்க, இன்னொரு சாவி நம்பிக்கையான ஆள்கிட்ட இருக்கட்டும். எனக்கு இப்ப அந்த அக்காகிட்ட இருக்கு, உள்தாழும் போடறதில்ல.

பாட்டிலைத் தூக்கிப் போட்டுடலாம்னுதான் இருந்தேன், டாக்டர் வேண்டாம்னுட்டார். மருந்தால ஏதாவது பாதிப்பு வந்தா அரசாங்கத்துக்குத் தெரிவிக்க ஒரு திட்டம் இருக்கு, மருந்துக் கண்காணிப்புத் திட்டம்னு, 1800-180-3024ங்கற இலவச நம்பர்ல நோயாளியே கூப்பிட்டுச் சொல்லலாம், ஆயுர்வேத மருந்தா இருந்தாலும் விடாதீங்க, எங்க சொல்லணும்னு கேட்டாவது பதிவு பண்ணிடுங்க. என் ஃபார்மை அவரே எழுதி அனுப்பினார். அதுக்கு பாட்டில்ல இருக்கற பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி, எப்ப ஆரம்பிச்சோம், எத்தனை சொட்டு, கூட என்ன மாத்திரை, இதெல்லாம் வேணும். பாட்டில், பில், வாட்ஸ்அப்ல வந்த சீட்டு, கஸ்டமர் கேர் பேசின மெசேஜ் எதையும் அழிக்காம வெச்சிருங்க. பணம் எனக்கு இன்னும் திரும்பி வரல, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.